செத்த காலேஜில் ஓர் ஆடி மாதம்

ஆடி 3, வெள்ளி

சிந்தாதிரிப்பேட்டையின் முடிசூடா மன்னரும், எழும்பூர் ரயில் நிலையத்தின் ஓய்வுபெற்ற அறிவிப்பாளருமாகிய தணிகாசலம் என்னும் நான், எழுபத்தொரு வயதில், இன்று காலை என் சொந்தச் சாப்பாட்டு மேசையிலேயே முறியடிக்கப்பட்டேன். முறியடித்தவள் என் அக்கா மகள் சுகந்தி. ஆயுதம், வடகறி. நான் நான்காவது இட்லியில் கண்ணை மூடிக் கிடந்த நேரம் பார்த்துச் சொன்னாள்.

"மாமா, பெரம்பூர்ல ஒருத்தர் மருந்துக்கடை வெச்சிருக்காரு. பாண்டுரங்கன்னு பேரு. நாப்பத்தி நாலு வயசு. சம்சாரம் தவறி ஆறு வருஷமாச்சு. அவங்க அக்கா வனஜா எங்க கடைக்குக் கண்ணாடி மாத்த வந்தாங்க. பேச்சு அங்கதான் ஆரம்பிச்சுது."

சுகந்தி அண்ணா சாலையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். சென்னையின் பாதிக் கண்கள் அவள் புண்ணியத்தில்தான் பஸ் நம்பர் படிக்கின்றன. முப்பத்தொன்பது வயது. பத்து வருடத்துக்கு முன் ஒரு பெட்டியோடு வந்து, "ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன் மாமா" என்றாள். அந்த வாரம் இன்னும் முடியவில்லை.

"ஆடி மாசத்துலயா? பொண்ணு பாக்கக் கூடாது, நாள் பாக்கக் கூடாது, பேச்சே எடுக்கக் கூடாது" என்றேன். வாழ்நாளில் முதன்முறையாகப் பஞ்சாங்கத்தின் மேல் எனக்கு அன்பு சுரந்தது.

"யாரு பொண்ணு பாக்க வராங்க? ஞாயித்துக்கிழமை நான் மியூசியம் போறேன். அவரும் மியூசியம் வராரு. நடந்துகிட்டே பேசிக்கப் போறோம். காபித் தட்டைத் தூக்கிகிட்டுத் தலை குனிஞ்சு நின்ன வரைக்கும் போதும்."

"இதுல நான் எதுக்கு?"

"பெரியவங்க ஒருத்தர் கூட இருக்கட்டும்னு வனஜாக்கா சொன்னாங்க. எனக்கு இருக்கற பெரியவங்க நீங்க ஒருத்தர்தானே? ஆவணி ஒண்ணாந்தேதி முறைப்படி வீட்டுக்கு வருவாங்க. அதுக்குள்ள நீங்க பெரம்பூர் போய் அவரைப்பத்தி விசாரிச்சுட்டு வரணும். நீங்க சரின்னாதான் நானும் சரி சொல்லுவேன்."

மாப்பிள்ளை எப்படி என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து வருவது தாய்மாமன் கடமை. போன தடவையும் நான்தான் போனேன். போன தடவையைப் பற்றி இந்த நாட்குறிப்பில் எழுதுவதில்லை என்று வெகு காலத்துக்கு முன்பே சட்டம் இயற்றியிருக்கிறேன். சட்டம் சட்டம்தான்.

அவள் போய்விட்டால் எனக்கு ஒன்றும் ஆகிவிடாது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வடகறியை நானே செய்துகொள்வேன். பருப்பை அரைத்து வடை சுடுவதா, வடை சுட்டு அரைப்பதா என்பதை மட்டும் யாரிடமாவது கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆடி 4, சனி

சபாரி சட்டையை இஸ்திரி போட்டேன். பெரம்பூர் படைகள் பின்வாங்க இதுவே போதும்.

ஆடி 5, ஞாயிறு

கால்நடையாகவே போனோம். புதுப்பேட்டையில் கழற்றிப் போட்ட கார் உறுப்புகளின் குவியல்களைக் கடந்து, லாங்ஸ் கார்டன் சாலையில் கூவத்தின் நறுமணத்தை நுகர்ந்து, பாந்தியன் சாலையில் ஏறினோம். நானும் சுகந்தியும் இந்த வழியில் ஒரு லட்சம் தடவை நடந்திருக்கிறோம். குறைத்துச் சொன்னால் பதினைந்து.

எழும்பூர் அருங்காட்சியகம் என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் காலத்தில் இது செத்த காலேஜ். மிருகங்கள் உயிரோடு இருந்த இடம் உயிர்க் காலேஜ். இங்கே எல்லாம் எலும்பும் பஞ்சு அடைத்த தோலும் என்பதால் செத்த காலேஜ். காணும் பொங்கலன்று செங்கல்பட்டிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் லாரி லாரியாக ஜனம் இறங்கும். புளிசாதத் தூக்கும் கரும்புமாக. அந்தக் கூட்டத்தில் ஆறு வயதுச் சுகந்தியைத் தோளில் தூக்கிக்கொண்டு போவேன். என் தலைமயிரைக் கடிவாளம் போலப் பிடித்துக்கொண்டு, "மாமா லெப்ட்டு, மாமா ரைட்டு" என்று ஓட்டுவாள். அப்போது எனக்குத் தலைமயிர் இருந்தது. என் அக்கா விஜயா பின்னால் செருப்புகளைச் சுமந்துகொண்டு வருவாள்.

பாண்டுரங்கன் எங்களுக்கு முன்பே வந்து, டிக்கெட் கொடுக்கும் இடத்தருகே நின்றிருந்தார். ஒல்லி. சட்டைப் பையில் பேனா, கையில் குடை. டிக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படித்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் அல்லவா, எதை எடுத்தாலும் காலாவதித் தேதி தேடுகிற கை.

"வணக்கம் சார்" என்றார்.

மாமா என்று சொல்லவில்லை. நல்லது. எல்லைக்கோடு எல்லைக்கோடாகவே இருக்கட்டும்.

திமிங்கில எலும்புக்கூட்டின் கீழ் என் முதல் பீரங்கியை முழக்கினேன். "தம்பி, இது தூத்துக்குடியிலேருந்து ரயில்ல வந்தப்ப நான்தான் டூட்டி. 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தூத்துக்குடியிலிருந்து வரும் திமிங்கிலம் நான்காவது நடைமேடைக்குப் பதிலாக நான்கு, ஐந்து, ஆறு ஆகிய மூன்று நடைமேடைகளிலும் வந்து சேரும்'னு அறிவிச்சேன். வால் மட்டும் சேத்துப்பட்டுல நின்னுது."

அவர் விளக்க அட்டையருகே குனிந்தார். ஆங்கிலம், தமிழ் இரண்டையும் படித்தார். நிமிர்ந்தார்.

"சார், நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே வந்துட்ட மாதிரி போட்டிருக்கே?"

"அது அப்பன் திமிங்கிலம். நான் சொல்றது மகன்."

"அப்படீங்களா சார்" என்றார். கேலி இல்லை. உண்மையிலேயே மேலே பார்த்து இன்னொரு எலும்புக்கூட்டைத் தேடினார். இப்படிப்பட்ட ஒருவரோடு எப்படிப் போர் புரிவது?

ஓர் அட்டைக்கு நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டார். ஒரு பல்லிக்கு ஏழு நிமிடம். இடையில் சுகந்தியின் குறட்டை பாண்டியன் எக்ஸ்பிரஸ் போல இருக்கும் என்று ரகசியமாக எச்சரித்தேன். "எனக்கு மூக்கடைப்பு சார். ரெண்டும் சரியாப்போயிடும்" என்றார்.

திரும்பும்போது சுகந்தி கேட்டாள்: "ஆளு எப்படி மாமா?"

"ஆமை. அதுவும் செத்த காலேஜ் ஆமை."

அவள் சிரித்தாள். நான் சொன்னதற்குச் சிரித்தது போல் தெரியவில்லை.

ஆடி 8, புதன்

மாலை ஆறு மணிக்கு ஒரு போன். சுகந்தி மொட்டைமாடிக்குப் போய்ப் பேசினாள். துணி எடுக்கத்தான் போனாளாம். கொடியில் துணியே இல்லை.

ஆடி 12, ஞாயிறு

இரண்டாம் படையெடுப்பு. அதே வளாகத்தில் படிமக்கூடம், பிறகு அதே சாலையில் பழைய கமிஷனர் அலுவலகத்தில் இருக்கும் காவல்துறை அருங்காட்சியகம்.

படிமக்கூடத்தில் நடராசரைச் சுற்றி இருவரும் முன்னால் போனார்கள். பாண்டுரங்கன் அட்டையைப் படிக்க, இவளும் கூட நின்று படித்தாள். எனக்கு முழங்கால் வலிப்பதாகச் சொல்லி ஒரு பெஞ்சில் அமர்ந்தேன். முழங்கால் வலிக்கவில்லை.

இங்கே உட்கார்ந்தால் நான்காம் வகுப்புப் பரீட்சைதான் ஞாபகம் வருகிறது. யானை எலும்புக்கூட்டைக் காட்டி, எழும்பூருக்கு முதல் ரயிலை இழுத்து வந்தது இந்த யானைதான், என்ஜின் கண்டுபிடிக்கப்பட்டதும் மனமுடைந்து இறந்துவிட்டது என்று நான் சொல்லியிருந்தேன். சுகந்தி அதை அப்படியே விடைத்தாளில் எழுதினாள். டீச்சர் சுழி போட்டு, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி படித்துச் சிரித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்த குழந்தை என்மேல் பாய்வாள் என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவள் பையை எறிந்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்: "டீச்சருக்கு ஒண்ணும் தெரியலம்மா. எங்க மாமா பொய் சொல்ல மாட்டாரு."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும்தான். இன்று அந்தச் சிரிப்பு அவ்வளவாக வரவில்லை. பெஞ்சு கொஞ்சம் கடினம்.

காவல்துறை அருங்காட்சியகத்தில் பழைய சிவப்புத் தொப்பிகளைப் பார்த்ததும் உற்சாகம் திரும்பியது. பாண்டுரங்கனைத் தனியாக ஓரங்கட்டினேன்.

"தம்பி, நல்ல மனுசன் மாதிரி தெரியுறே, அதனால சொல்றேன். இவளுக்குக் கோவம் வந்தா தட்டு பறக்கும். ஒரு தட்டு பாரிமுனை வரைக்கும் போயி, போஸ்ட்மேன் திருப்பிக் கொண்டாந்து குடுத்தான்."

அவர் சற்று யோசித்தார். "பரவால்லீங்க சார். எங்க வீட்டுல எல்லாம் எவர்சில்வர்."

சிரிப்பை அடக்கியதில் சபாரியின் மூன்றாவது பொத்தான் தெறித்து விழுந்து வீரமரணம் எய்தியது.

அடுத்த அறையில் பழைய கைவிலங்குகள் இருந்தன. சுகந்தி அவற்றின் முன் நின்றுவிட்டாள். வலது கையால் இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அந்த மணிக்கட்டு கொஞ்சம் கோணல். மழைக்காலத்தில் வலிக்கும். அது கோணலாக இருந்த நிலையில்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், பத்து வருடத்துக்கு முன். எப்படி ஆனது என்று எழுத மாட்டேன். சட்டம்.

பாண்டுரங்கன் அந்த அட்டையைப் படிக்கவில்லை. "பக்கத்து ரூம்ல பேண்டு வாத்தியம் இருக்குதாங்க, பாக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். அவள் போனாள்.

நான் பொத்தானைத் தேடினேன். கிடைக்கவில்லை.

ஆடி 19, ஞாயிறு

ஆடி அமாவாசை. அக்காவுக்குப் படையல் போட்டுவிட்டுக் கோட்டைக்குக் கிளம்பினோம். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கோட்டை அருங்காட்சியகத்துக்கு நடை என்றால் சாதாரண மனிதர்கள் உயில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். நான் ஒரு தண்ணீர் பாட்டிலோடு கிளம்பினேன். அண்ணா சாலையின் முனையில் பாண்டுரங்கன் சேர்ந்துகொண்டார். வெயில் ஏறியதும் குடையை விரித்து, அதை என் தலைக்கு மேல் பிடித்தார். சுகந்தி தலைக்கு அல்ல, என் தலைக்கு. பகைவன் குடைநிழலில் நடப்பது மன்னருக்கு இழுக்கு. ஆனால் வெயில் அப்படி.

கோட்டையில் ஒரு மரக்கூண்டு இருக்கிறது. சீனாவில் ஓர் ஆங்கிலேய அதிகாரியைப் பிடித்து அடைத்து வைத்த கூண்டு. ஒரு மனிதன் நிமிரவும் முடியாது, படுக்கவும் முடியாது. சுகந்தி சின்னவளாக இருந்தபோது இதைப் பார்த்து அழுதிருக்கிறாள். அதைச் சொல்லி, அப்போது சொன்ன கதையையே இப்போதும் பாண்டுரங்கனிடம் எடுத்துவிட்டேன்.

"துரைக்குச் சீனச் சாப்பாடு ஒத்துக்கலே. அதனால மைலாப்பூர்லேருந்து கப்பல்ல மூணு வேளையும் மொளகு ரசம் போச்சு. குடிச்சுக் குடிச்சு துரை இளைச்சுப் போயி கம்பி சந்து வழியா நழுவி வந்துட்டாரு."

பாண்டுரங்கன் அட்டையைப் படித்து முடித்தார். இந்தத் தடவை என்னைத் திருத்தவில்லை.

"அட்டையில அவரு பேரும் வருஷமும் இருக்கு சார். ஆனா சின்னக் குழந்தை அழுதா, பேரையும் வருஷத்தையும் வெச்சு என்ன பண்றது? நீங்க சொன்னதுதான் சரி."

பக்கத்தில் இருந்த சுகந்தி அவரைப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அட்டையைத் தானே முதல் வரியிலிருந்து படித்தாள். உதடு அசைந்தது. முப்பது வருடமாக இந்த இடத்தில் அவள் என் வாயைத்தான் பார்த்திருக்கிறாள்.

பாண்டுரங்கன் ரயிலுக்குப் போனபின் கேட்டாள்: "மாமா, பெரம்பூர் எப்ப போறீங்க? ஆவணிக்குப் பன்னெண்டு நாள்தான் இருக்கு."

"வேற யாரையாவது அனுப்பேன். உன் சித்தப்பா மகன் இல்ல?"

"தாய்மாமன் நீங்கதானே?"

"எனக்கு முழங்கால்..."

"நேத்து பஸ்சுக்குப் பின்னால ஓடினீங்க மாமா. நான் பார்த்தேன்."

ஆடி 20, திங்கள்

கொசுக்கடி. போகவில்லை.

ஆடி 21, செவ்வாய்

மழை வருவது போலிருந்தது. வரவில்லை. நானும் போகவில்லை.

ஆடி 22, புதன்

சபாரிக்கு மூன்றாவது பொத்தான் இல்லை. பொத்தான் இல்லாமல் தாய்மாமன் வெளியே கிளம்பினால் வம்சத்துக்கே அவமானம். சுகந்தி ஊசியை எடுத்து வேறு பொத்தான் தைத்துக் கொடுத்தாள்.

ஆடி 24, வெள்ளி

பெரம்பூர் பஸ்சுக்குத்தான் வீட்டை விட்டு இறங்கினேன். கால்கள் செத்த காலேஜுக்குக் கூட்டிப்போய்விட்டன. கேட் மூடியிருந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை. ஐம்பது வருடமாகத் தெரிந்த விஷயம்.

காவலாளி உள்ளேயிருந்து கேட்டார். "இன்னா பெர்சு, வெள்ளிக்கெழம வந்துக்கினு? போர்டுல போட்டுக்கீது பாரு, படிக்கத் தெரியாதா?"

"படிக்கிற பழக்கம் இல்லப்பா" என்றேன்.

"அப்ப இத்தினி வருசமா உள்ள வந்து இன்னாதான் பாத்த?"

எதிர்ப்பக்க பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன். இனி எழுதப்போவது சட்டமீறல். சட்டம் போட்டவனே மீறலாம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ராணிப்பேட்டைக்கு விசாரிக்கப் போனேன். அக்கா அப்போது படுக்கையில். "தணிகா, நல்லாக் கேட்டுட்டு வாடா" என்று அனுப்பினாள். தெருமுனையில் இறங்கியதுமே மாப்பிள்ளையின் அப்பா பார்த்துவிட்டார். கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப்போனார். பிரியாணி. எப்பேர்ப்பட்ட பிரியாணி! அதற்குமேல் வெற்றிலை. வேப்பமரக் காற்றில் கயிற்றுக் கட்டில். அவர் மகனைப் பற்றி அவரே சொன்னார், நான் கேட்டேன். கண்ணயர்ந்தேன். எழுந்தபோது நாலு மணி. பஸ் நாலே காலுக்கு.

இங்கே வந்து, "பையன் தங்கம். தெருவே அவனைக் கையெடுத்துக் கும்பிடுது. அவன் நடந்தா காக்கா கூட வழிவிடுது" என்றேன். தெருவில் நான் ஒருவரிடமும் பேசவில்லை. சுகந்தி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த யானைக் கதையைக் கேட்ட அதே முகம்.

இரண்டு வருடம் தாங்கினாள். பிறகு அந்தப் பெட்டி, அந்த மணிக்கட்டு.

நான்கு பஸ்கள் வந்து போயின. அதில் இரண்டு பெரம்பூர் பஸ்.

ஆடி 25, சனி

போனேன்.

தெருவில் இறங்கி இரண்டு அடி வைக்கவில்லை, இட்லிக் கடை அம்மாள் பிடித்துக்கொண்டாள். "இன்னா சார், பொண்ணு வூடா?"

"எப்படிம்மா தெரியும்?"

"சபாரி போட்டுக்கினு ஒவ்வொரு கதவா பாத்துக்கினு நிக்கிற. ஒண்ணு பொண்ணு வூடா இருக்கணும், இல்லாங்காட்டி இன்சூரன்ஸ். கையில பை இல்ல. அப்ப பொண்ணு வூடு. மெடிக்கல் பாண்டுவுக்கா?"

"ஆமா."

"குந்து. இட்லி துன்னுக்கினே கேளு."

"வேணாம்மா. இன்னைக்கு நான் யார் வீட்டுலயும் ஒண்ணும் சாப்பிடறதா இல்ல."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சொம்மா தண்ணியாவது குடி சார். மூஞ்சி பேயறைஞ்சா மாதிரி கீது."

தண்ணீர் குடித்தேன். கேட்டேன். பிறகு இஸ்திரி வண்டிக்காரர். முடிவெட்டும் கடை. பாண்டுரங்கனின் வீட்டுக்கு இடதுபக்க வீடு, வலதுபக்க வீடு, எதிர்வீடு, மாடியில் குடியிருக்கும் ரயில்வேக்காரர். கடைக்கு மாத்திரை வாங்க வந்த மூன்று பேரை வழிமறித்தேன். இறந்துபோன மனைவியின் அண்ணன் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனேன். அவர் முதலில் கதவைப் பாதிதான் திறந்தார். யார், எதற்கு என்று சொன்னதும் முழுசாகத் திறந்தார்.

அங்கிருந்து திரும்பும்போது எதிர்வீட்டுப் பெண்மணி மறுபடி கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் சொன்னாள். அது எனக்குக் கிடைத்த பீரங்கி. அதைக் கொஞ்சம் ஊதினால் போதும், ஆவணி ஒன்றாம் தேதி என் வாசலில் யாரும் செருப்பு கழற்ற மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் சுகந்தியும் மட்டும் நடக்கலாம், திமிங்கிலம் வரைக்கும், நினைத்தபோதெல்லாம்.

பஸ்சில் திரும்பி வரும் வழியெல்லாம் அதை ஊதிப் பார்த்தேன். நன்றாகத்தான் ஊதியது. நான் யார், இதில் டாக்டர் பட்டம் வாங்கியவன்.

வீட்டுக்கு வந்ததும், "என்ன மாமா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"நாளைக்குச் சொல்றேன். கால் வலிக்குது" என்றேன். இன்று உண்மையாகவே வலித்தது.

ஆடி 26, ஞாயிறு

காலையில் காபிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். சொன்னேன். சொன்னது அப்படியே கீழே.

"அஞ்சு வீடு, மூணு கடை, வழியில மூணு பேரு. நல்லவருன்னு எல்லாரும் சொன்னாங்க. சம்சாரத்துக்குக் கிட்னி போச்சு. மூணு வருஷம், வாரத்துக்கு ரெண்டு நாள் கடையை மூடிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு. அந்தம்மாவோட அண்ணனே சொன்னாரு. குடி இல்ல. கையோங்கினதா யாரும் பார்த்ததில்ல, கேட்டதில்ல. இதை மூணு பக்கத்து வீட்டுலயும் தனித்தனியாக் கேட்டேன்."

"ம்."

"கெட்டது ஒண்ணு இருக்கு. மனசு கஷ்டப்பட்டா பேச்சை நிறுத்திடுவாரு. மூணு நாள், நாலு நாள். யாரு கேட்டாலும் காரணம் சொல்ல மாட்டாரு. சொந்தத் தம்பியோட சண்டை வந்து அஞ்சு வருஷமாப் பேச்சு இல்ல. சம்சாரம் இருந்தப்பவும் இப்படித்தான் இருந்திருக்காரு. அந்தம்மா அழுதுட்டு எதிர்வீட்டுல வந்து உட்காந்திருக்கும். எதிர்வீட்டுல சொன்னாங்க. அண்ணன்கிட்டத் திரும்பப் போய்க் கேட்டேன், ஆமான்னாரு."

"அவ்வளவுதானா மாமா?"

"அவ்வளவுதான்."

"காக்கா வழிவிடுதா?"

"காக்காயை நான் கேக்கல."

அவள் மேசைமேல் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நிமிராமல் கேட்டாள்: "ராணிப்பேட்டையில எத்தனை வீடு மாமா?"

இந்தக் கேள்வியைப் பத்து வருடமாக எதிர்பார்த்திருக்கிறேன். அதற்காக ஆயிரம் பதில்கள் தயாரித்து வைத்திருந்தேன். ஆயிரம் என்றால் ஏழெட்டு.

"ஒரு வீடு."

"யாரு வீடு?"

"அவங்க வீடு."

"தெரியும்" என்றாள். "அங்கேருந்து கிளம்பின அன்னைக்கே தெரியும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தத் தெரு டெய்லரக்காதான் பெட்டியைத் தூக்கிகிட்டு வந்தாங்க. 'எங்களுக்கெல்லாம் அவனைப்பத்தித் தெரியுமேம்மா. உங்க வீட்டுலேருந்து யாருமே எங்களை வந்து கேக்கலியே'ன்னாங்க."

"தெரிஞ்சேவா இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்டே?"

"மொதல் ரெண்டு வருஷம் கோவத்தோடதான் போட்டேன். உங்களுக்குத்தான் தெரியல."

அந்த இரண்டு வருடம் சாப்பாட்டில் உப்பு குறைவாக இருந்தது. என் ரத்தக்கொதிப்பை நினைத்துச் செய்கிறாள் என்று தெருவெல்லாம் பெருமையடித்திருக்கிறேன்.

"அப்புறம் ஏன் மறுபடி என்னையே போகச் சொன்னே?"

"வேற யாரை அனுப்பினாலும் ரெண்டு வீட்டுல கேட்டுட்டு வந்திருப்பாங்க மாமா. நீங்கதான் திரும்பப் போய் அண்ணன்காரன் கதவை மறுபடி தட்டுவீங்க."

நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பார்க்காத மாதிரி இருந்தாள். பிறகு, "நாலு நாளா?" என்றாள்.

"நாலு நாள். அதிகபட்சம். தம்பி விஷயம் தவிர, அதுக்கு மேல யாரும் சொல்லல."

"நாலு நாள் பேசாம இருந்தா என்னால இருக்க முடியாதுன்னு அவர்கிட்டயே சொல்லிடறேன். அதுக்கு என்ன சொல்றாருன்னு பாக்கலாம்."

போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். மொட்டைமாடிக்குப் போகவில்லை. துணி எடுக்கப் போவதாகவும் சொல்லவில்லை. எனக்கு வார்த்தைகள் கேட்கவில்லை. முதலில் அவள் குரல் மட்டும் நீளமாக. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. அவர் பேசுகிறார் போலும். ஒல்லியான மனிதர், பேசாத மனிதர், என்னவோ நிறையப் பேசினார். பிறகு அவள் ஏதோ கேட்டாள். பிறகு சிரித்தாள்.

தலையை உள்ளே நீட்டினாள். போனைக் கையால் மூடியிருந்தாள். கண் ஈரமாக இருந்தது.

"மாமா, வனஜாக்காவை ஆவணி ஒண்ணாந்தேதி காலையில வரச் சொல்லட்டுமா, சாயங்காலமா?"

"காலையிலயே வரச் சொல்லு" என்றேன்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. போய் அணைத்தேன். மிச்சமிருந்த பாலில் இரண்டு டம்ளர் காபி கலந்தேன். அவளுடையதை மூடி வைத்திருக்கிறேன். பேசி முடிக்க நேரமாகும் போலிருக்கிறது.